மொகோபேங் போட்ட ஓட்டு

அமைச்சர் ராமொட்சே என் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னபோது நான் எங்கள் ஊர்மன்றமான கோட்லாவுக்கு வெளியே ஒரு முள்மரத்தடியில் நின்றிருந்தேன். கால்சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் உள்ளே விடவில்லை.

தப்பு என்னுடையதுதான். எங்கள் மொகோபேங்கில் பிறந்த எந்தப் பெண்ணும் செய்யக்கூடாத தப்பு. ஊர்மன்றத்துக்குப் பெண்கள் பாவாடையோடும் தலையில் துணியோடும்தான் வரவேண்டும். ஆனால் அன்று காலை ஐந்தரைக்கே நான் தலைநகர் கபரோனில் அலுவலகத்தில் இருந்தேன். ஆறு மணிக்கு அமைச்சர் கூப்பிட்டார்.

"கெபோன்யே, இன்னிக்கு உங்க ஊருக்குத்தான் போறேன். குழாயில தண்ணி வரலன்னு கூட்டம் போட்டிருக்காங்க. நீயும் வந்துடு. ஊர்ப் பொண்ணு பக்கத்துல நின்னா கொஞ்சம் மரியாதையாத் திட்டுவாங்க."

"ஐயா, இன்னிக்கு நம்ம நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு நியூயார்க்ல ஓட்டெடுப்பு இருக்கு."

"அதுதான் நேத்தே முடிஞ்சுபோச்சே. வண்டியில ஏறு."

முடிந்துபோனதுதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். வெளியுறவு அமைச்சகத்தில் ஐ.நா. மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனியருக்கும் நடக்கும் சண்டையைப் பற்றி உலக மன்றத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. நம் நாடு என்ன செய்யவேண்டும் என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். மூன்று வாரம் எழுதினேன். தீர்மானத்தில் இரண்டே விஷயம். எல்லையில் நிற்கும் சோற்று வண்டிகளையும் மருந்து வண்டிகளையும் உள்ளே விடவேண்டும். பிடித்து வைத்திருக்கும் பணயக் கைதிகளை வீட்டுக்கு அனுப்பவேண்டும். ஆதரித்து ஓட்டுப் போடலாம் என்று ஏழு பக்கம் எழுதி, மன்றத்தில் நம் தூதர் படிக்கவேண்டிய உரையையும் கூடவே வைத்திருந்தேன். ஏழு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில் ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்பினார் அமைச்சர்: "ஒதுங்கியிருக்கவும்." உரையைக் குறுக்காக அடித்திருந்தார். உத்தரவு முந்தின நாளே நியூயார்க்குக்குப் போய்விட்டது.

அந்த எரிச்சலோடு வந்தவளுக்கு வாசலில் இன்னொரு அவமானம். காவலுக்கு நின்றவன் தெபே, என்னோடு பள்ளியில் படித்தவன்.

"காலைக் கொஞ்சம் குனிஞ்சு பாரு," என்றான்.

"தெபே, ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்டா."

"ஆபீசுக்குப் போ அப்ப. உள்ள விட்டேன்னா கோசி என் தொப்பியக் கழட்டிருவாரு."

கோசி என்றால் எங்கள் ஊர்த் தலைவர். லெத்லோலே என்று பெயர். தலைமைக்கு வருமுன் இருபது வருடம் கால்பந்து நடுவராக இருந்தவர். இன்னமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார். அவரிடம் சலுகை கேட்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். ஆகவே நான் வேலியோரமாக முள்மரத்தடியில் நின்றேன்.

உள்ளே அமைச்சரை வறுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதமாகக் குழாயில் தண்ணீர் இல்லை. எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்கும் மா-பெலோ எழுந்து நின்றாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது.

"குழாய்ல ஒண்ணும் வரலன்னு யாரும் பொய் சொல்லக்கூடாது, ஐயா. காத்து வருது. நல்லா ஜில்லுனு வருது. புள்ளைங்க தலை முடியெல்லாம் அதுலதான் காய வைக்கிறோம்."

கூட்டம் சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அடுத்த வருடம் தேர்தல். மொகோபேங் அவருடைய தொகுதி. குழாயைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

"இங்க பாருங்க, நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கேன்? உங்க எம்.பி. இன்னிக்கு உலக விவகாரம் பாக்குறவன். இன்னிக்குச் சாயங்காலம் நியூயார்க்ல இஸ்ரேல், பாலஸ்தீன விஷயமா ஓட்டு. பெரிய பெரிய நாடெல்லாம் என்ன பண்ணப்போறீங்கன்னு நம்மளக் கேக்குது. நாம யாரு வம்புக்கும் போறதில்ல. பேசாம ஒதுங்கி உக்காந்துக்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. அப்படி எழுதிக் கொடுத்ததே யாருன்னு நெனைக்கிறீங்க? உங்க ஊர்ப் பொண்ணு கெபோன்யே!"

நூற்றுக்கணக்கான தலைகள் வேலிப் பக்கம் திரும்பின. சிலர் கையைத் தட்டினார்கள். எனக்கு உச்சந்தலையில் தீ வைத்தது மாதிரி இருந்தது. தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், எதை எதிர்த்து மூன்று வாரம் எழுதினேனோ அதையே நான் எழுதினதாகச் சொந்த ஊரில், சொந்தக் கோட்லாவில் சொல்லிவிட்டார். இங்கே சொன்னது காலத்துக்கும் நிற்கும். என் பிள்ளையின் கல்யாணத்தில்கூட இதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அமைச்சர் அடுத்த பேச்சுக்குத் தாவப் பார்த்தார். கோசி கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம், ஐயா. ஒரு விஷயத்தை நடுவுல வச்சீங்க. அது பேசி முடியல."

"கோசி, அது சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

"இந்த எடத்துல சும்மான்னு ஒண்ணு கிடையாது. வச்சதைத் திரும்ப எடுக்க முடியாது. ஊர் பேசணும். யாரு பேசுறீங்க?"

கபரோனில் வளர்ந்து வெளிநாட்டில் சட்டம் படித்தவர் ராமொட்சே. புத்தகத்தில் இல்லாத இந்தச் சட்டம் அவருக்குத் தெரியவில்லை. தன் வாயாலேயே வெளியுறவுக் கொள்கையைக் கொண்டுவந்து மொகோபேங் மண்ணில் வைத்துவிட்டார்.

முதலில் எழுந்தவர் முட்டைக்கோஸ் போடும் ராடிபே. "எனக்குச் சொட்டுநீர் போடக் கத்துக்கொடுத்தவரு இஸ்ரேல்காரரு. ரெண்டு வருஷம் என் தோட்டத்துல கெடந்தாரு. தங்கமான மனுசன். அவரு ஊர்ப் புள்ளைங்களைத் தூக்கிட்டுப் போனதை நான் ஏத்துக்க மாட்டேன். அதையும் கேக்கணும்."

சபைக்குப் போகும் ஒரு அம்மா எழுந்து, இஸ்ரவேல் வேதத்தில் இருக்கிற பெயர், அதற்கு எதிராகக் கை தூக்கினால் பாவம் வராதா என்றாள்.

மா-பெலோ உட்கார்ந்தபடியே, "பசிச்சவனுக்குச் சோறு குடுக்காதன்னு வேதத்துல எந்தப் பக்கம் போட்டிருக்கு? காட்டு, நான் நாளைக்கே உன் சபையில சேர்றேன்," என்றாள்.

எல்லாரும் பேசினார்கள், எல்லாரும் நான் எழுதினது ஒதுங்கியிருக்கச் சொல்லித்தான் என்று நம்பியே பேசினார்கள். எனக்குப் பல் நறநறவென்றது. அரசு ஊழியர் அமைச்சருக்கு எதிராகப் பொது இடத்தில் வாய் திறந்தால் வேலை போகும். ஆனால் கோட்லாவில் பேசினதற்காக யாரும் யாரையும் தண்டிக்கக்கூடாது என்பது எங்கள் முப்பாட்டன் காலத்துக்கு முந்தின ஏற்பாடு. அமைச்சரானாலும் சரி. அந்த ஏற்பாடு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரிக்கு. வெளியே கால்சட்டையோடு நிற்கிற அதிகாரிக்கு அது கிடையாது.

மா-பெலோ வேலிப் பக்கம் வந்தாள். பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த நீலப் பூத்துணியை அவிழ்த்து என் தோளில் போட்டாள். தலைத்துணியையும் கழற்றித் தந்தாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அவரு சொன்னது நீ எழுதினது இல்ல, அப்படித்தானே?"

"இல்ல."

"வெளிய நின்னு பல்லக் கடிச்சா யாருக்குடி கேக்கும்? கட்டிக்கிட்டு வா."

"வேலை போயிடும், மா-பெலோ."

"போனா என்கூட மாவு பிசைய வா. கை மட்டும் கழுவிட்டு வரணும், தண்ணி எங்கேருந்துன்னு கேக்காத."

கட்டிக்கொண்டேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. தெபே மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு வழி விட்டான். அதிகாரிகளுக்குப் போட்டிருந்த நாற்காலிப் பக்கம் போகாமல் பெண்களோடு மண்ணில் உட்கார்ந்து கையைத் தூக்கினேன்.

கோசி என்னைப் பார்த்தார். "ஆபீசராப் பேசுறியா, ஊர்க்காரியாப் பேசுறியா?"

"ஊர்க்காரியா, கோசி."

அமைச்சர் குரலைத் தாழ்த்தி, "கெபோன்யே, உக்காரு," என்றார்.

"உக்காருன்னு சொல்றது இங்க என் வேலை, ஐயா," என்றார் கோசி. "நீ பேசும்மா."

எழுந்தேன்.

"அமைச்சர் சொன்னது உண்மை இல்ல. நான் கை தூக்கணும்னு எழுதினேன். ஏழு பக்கம். ராடிபே சொன்னது அதுல இருக்கு. பிடிச்சுட்டுப் போனவங்களை விடணும்னு ரெண்டாம் பக்கத்துலயே இருக்கு. எல்லையில வண்டி வண்டியா மாவு நிக்குது, அந்தப் பக்கம் புள்ளைங்க பசியோட நிக்குது, வழியத் தொறங்கன்னு முதல் பக்கத்துல இருக்கு. நான் யாருக்கும் எதிரா எழுதல. ரெண்டு பக்கமும் வாசல்ல நின்னு வழி பாக்குற தாய்மாருக்காக எழுதினேன். அதை அடிச்சுட்டாங்க. அடிக்கிறது அமைச்சரோட உரிமை. அடிச்சதை நான் அடிச்சேன்னு சொல்றதுக்கு உரிமை கிடையாது."

சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அமைச்சர் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. ஆனால் பழுத்த அரசியல்வாதி, குரல் குழறவில்லை. "சரி. நான் தப்பாச் சொல்லிட்டேன்னே வச்சுக்குங்க. நாம சின்ன நாடு. அது எங்கேயோ இருக்கு. நாம கை தூக்கினா அங்க ஒரு வண்டியாவது நகருமா? ஒதுங்கி இருந்தா யாரும் நம்மள வெறுக்க மாட்டாங்க."

இதுவரை உட்கார்ந்தபடியே குத்திக்கொண்டிருந்த மா-பெலோ இப்போது எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லாததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எண்பத்தஞ்சுல நான் கபரோன்ல வீட்டு வேலை பாத்தேன். எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கா பட்டாளம் வந்து, தூங்கிட்டிருந்த ஜனத்தைச் சுட்டுட்டுப் போனாங்க. பக்கத்துத் தெருவு. காலையில போய்ப் பாத்தேன். அதைச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கழிச்சு ரேடியோவுல சொன்னாங்க, உலக மன்றத்துல இது அநியாயம்னு அத்தனை பேரும் கை தூக்கினாங்கன்னு. எனக்குப் பேரே வாயில வராத நாடெல்லாம். அதனால செத்தவங்க எந்திரிக்கல. ஆனா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கினேன், ஐயா. நம்மள ஒருத்தன் பாத்திருக்கான்னு தூங்கினேன். அவனுக்கு நாம பக்கமா? அன்னிக்கு நாம பெரிய நாடா?"

சபைக்குப் போகும் அந்த அம்மா எட்டி மா-பெலோவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

இன்னும் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். எதிர்ப்பேச்சு ஒன்றும் வரவில்லை. மணி பன்னிரண்டே முக்காலுக்கு கோசி தொண்டையைக் கனைத்தார். எங்கள் கோட்லாவில் ஓட்டு எண்ணுவதில்லை. எல்லாரும் பேசின பிறகு ஊர் எங்கே வந்து நிற்கிறது என்பதைத் தலைவர் எடுத்துச் சொல்வார்.

"ஊர் சொல்றது இது. வண்டியை விடணும். புடிச்சவங்களை விடணும். ரெண்டுக்கும் சேர்த்து நம்ம நாடு கை தூக்கணும். அமைச்சர் ஒதுங்கி உக்காரலாம்னாரு. அது என்னன்னு எனக்குப் புரியல. இங்க கூப்பிட்டு உக்கார வச்சும் வாய் தொறக்காதவன், நடந்ததுக்கு ஒத்துக்கிட்டவன். அதுதான் நம்ம முறை. சரி. ஐயா, ஊர் சொன்னதுக்கு நீங்க என்ன சொல்றீங்க? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லலாம். உங்களுக்கும் வாய் இருக்கு."

அமைச்சர் யோசித்தார். மாட்டேன் என்றால் அடுத்த வருடம் மொகோபேங்கில் ஒரு ஓட்டும் விழாது. சரி என்றால் நேற்றுப் போட்ட உத்தரவை இன்று மாற்றவேண்டும். அவர் எப்போதும் செய்வதையே செய்தார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி வானத்தைப் பார்த்தார்.

கோசி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முழு நிமிடம் பார்த்தார். எங்கோ ஒரு கழுதை கத்தியது. அமைச்சர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடிஞ்சுது," என்றார் கோசி. "அமைச்சர் ஒத்துக்கிட்டாரு."

ராமொட்சே துள்ளி எழுந்தார். "நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அடுத்த நொடி கோட்லாவே வெடித்தது. "புலா! புலா!" என்று கத்தினார்கள். மழை என்று அர்த்தம். எங்கள் ஊரில் வெற்றிக்கும் வாழ்த்துக்கும் அந்த ஒரு சொல்தான். பெண்கள் குலவையிட்டார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. மூக்கு ஒழுகியது மட்டும் நினைவிருக்கிறது.

அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது ஐம்பது கைப்பேசிகள் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, என்னைப் பார்த்து விரலால் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"சிக்னல் எங்க கிடைக்கும்?" என்றார்.

மொகோபேங்கில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: எட்டு மாதமாகக் காய்ந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டியின் உச்சி. கோட்டு சூட்டோடு வெளியுறவு அமைச்சர் இரும்பு ஏணியில் ஏறினார். பின்னால் நான். துணிக்கு அடியில் கால்சட்டை இருந்தது நல்லதாகப் போயிற்று. ஊரே கீழே வந்து நின்றது.

"ஏறினது ஏறினீங்க, உள்ள ஒரு சொட்டாவது கெடக்கான்னு பாத்துச் சொல்லுங்க!" என்று கத்தினாள் மா-பெலோ.

நியூயார்க்கில் காலை ஏழு மணி. தூதர் அம்மையார் மொலாலே காலைச் சாப்பாட்டில் இருந்தார். கேட்டதும் நம்பவில்லை. "நேத்து ஒதுங்கச் சொன்னீங்களே, ஐயா? வாய்வார்த்தை போதாது. எழுத்துல வேணும்." அமைச்சர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்ப வாங்கித் தன் கட்டைவிரலாலேயே தட்டினார். "ஆதரவு. கெபோன்யே எழுதின உரை, முழுசா." அனுப்பிவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உன் குறிப்பு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் என்னைப் பார்க்காமல். "பயந்துட்டேன். உன் பேரைச் சொன்னது அதைவிடக் கேவலம்."

எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் அதைச் சொன்ன வாய்க்காகப் பாதி குறைந்தது.

கீழே இறங்கிப் போய்விடலாம் என்று பார்த்தார். கோசி விடவில்லை. நடுவில் வைத்த விஷயத்தின் முடிவு தெரியாமல் கூட்டம் கலையாது என்றுவிட்டார். ஆண்கள் மூன்று கால் இரும்புப் பானையில் மாட்டிறைச்சியை வேகவைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். சோளக்களியோடு அமைச்சருக்கும் ஒரு தட்டு வந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராடிபே அவர் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்.

நாலு மணிக்கு மறுபடி ஏணி. தூதர் தொலைபேசியை அணைக்காமல் மேசையில் வைத்திருந்தார். அங்கிருந்து முதலில் இரைச்சல்தான் வந்தது. பிறகு அவர் குரல். என் உரையைப் படித்துக்கொண்டிருந்தார். சிவப்பு மையில் குறுக்காக அடிபட்ட வாக்கியங்கள், நான் ராத்திரியும் பகலும் மாற்றி மாற்றி எழுதிய வாக்கியங்கள், உலகம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஒரு மண்டபத்தில் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஓட்டெடுப்பு என்று அறிவித்தார்கள். அரை நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஊர் அண்ணாந்து நின்றது. குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்தியிருந்தார்கள்.

"ஐயா," என்றார் தூதர், "பலகையில நம்ம பேருக்கு நேரா பச்சை எரியுது." கொஞ்சம் பொறுத்து, "தீர்மானம் ஜெயிச்சுடுச்சு. பெரிய வித்தியாசத்துல."

நான் கீழே குனிந்து, தொண்டை கிழிய, "பச்சை! ஜெயிச்சுடுச்சு!" என்று கத்தினேன்.

பிறகு வந்த சத்தத்தை என்னவென்று சொல்ல! குலவையும் விசிலும் "புலா"வும் தகரத்தில் அடிக்கிற சத்தமும் சேர்ந்து வெற்றுத் தொட்டிக்குள் புகுந்து அதிர்ந்தன. கோசி பழைய நடுவர் விசிலை எங்கிருந்தோ எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிய மா-பெலோ ஆடினாள்.

நியூயார்க்கிலிருந்து தூதர் கத்திக் கேட்டார்: "ஐயா, அங்க என்ன இவ்வளவு சத்தம்?"

அமைச்சர் தொட்டியின் விளிம்பில் எழுந்து நின்று கீழே பார்த்தார். டையைத் தளர்த்தினார்.

"அதுவா?" என்றார். "நம்ம வெளியுறவுக் கொள்கை, அம்மா. கீழ நின்னு ஆடிட்டிருக்கு."